கொள்ளிக்குடத்துக்கு ஒரு தோள்

விதுசன் என்னிடம் வந்தபோது அவனுடைய இடது கை தோள்மட்டத்துக்கு மேலே எழும்பவில்லை. லிங்கநகரில் என் வீட்டு முன்னறைதான் நான் மசாஜ் செய்யும் இடம். பாரிசவாதம் வந்த ஐயாமாரும் மோட்டார்சைக்கிளால் விழுந்தவர்களும்தான் வழக்கமாக வருவார்கள். சேர்ட்டைக் கழற்றச் சொன்னேன். அவன் கதவைப் பார்த்தான், யன்னலைப் பார்த்தான், பிறகுதான் பொத்தானில் கை வைத்தான். நெஞ்சின் இரு பக்கமும் அக்குள்வரை நீண்ட தழும்பு.

“கொழும்பில ஒப்பரேசன் செய்தனான் அக்கா. பொம்பிளைப் பிள்ளையாத்தான் பிறந்தனான். ஆனா ஒருநாளும் அப்பிடி இருந்ததில்லை. உங்களுக்கு ஏலாதெண்டால் சொல்லுங்கோ, நான் போறன்.”

எனக்கு எரிச்சல் வந்தது. எத்தனை இடத்தில் இதைச் சொல்லிச் சொல்லித் திரும்பியிருப்பான்! “வந்தது கைக்குத்தானே? பேசாமல் படுங்கோ தம்பி,” என்றேன்.

சல்லிக் கடற்கரையில் படகு எஞ்சின் திருத்துகிறவன். கெட்டிக்காரன். அவன் தொட்டு ஓடாத எஞ்சின் இல்லை என்று அங்கே சொல்வார்கள். அதே வாய்கள் அவன் திரும்பியதும் வேறு கதையும் சொல்லும்.

தழும்பு உள்ளே சதையோடு ஒட்டிப் பிடித்திருந்தது. எண்ணெய் தொட்டு, இரண்டு விரலால் மெல்ல வட்டமாக உருவி, தோலை விலா எலும்பின் மேல் இப்படியும் அப்படியும் நகர்த்தவேண்டும். சில இடங்கள் மரத்துப்போய் இருந்தன. “இப்ப தொடுறீங்களோ?” என்று கேட்பான். ஆனால் தழும்பைவிடப் பெரிய சிக்கல் கூனல். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே நெஞ்சைத் துணியால் இறுக்கிக் கட்டி, தோளை முன்னுக்கு வளைத்து ஒளித்துத் திரிந்த உடம்பு. ஒளிக்க ஒன்றும் இல்லாமற்போன பிறகும் முதுகுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. எனக்கு அதுதான் பெரிய துக்கமாக இருந்தது.

ஏன் இந்தக் கைக்கு இவ்வளவு அவதி என்று ஒருநாள் கேட்டேன்.

“அப்பாவுக்கு வருத்தம் கடுமை அக்கா. ஆஸ்பத்திரியில வீட்டை கொண்டுபோகச் சொல்லிட்டினம். நான் ஒரே பிள்ளை. கொள்ளிக்குடம் நான்தான் தூக்கவேணும்.”

தண்ணீர்க் குடத்தை இடது தோளில் ஏற்றி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிதையை மூன்று தரம் சுற்றவேண்டும். மகன் செய்யும் கடமை.

“அப்பா என்ன சொல்லுறார்?”

“ஒண்டும் சொல்லேல்லை. முந்தி அம்மாதான் அவருக்குச் சேவ் எடுக்கிறவ. இப்ப என்னை வரச்சொல்லி நாடியை நீட்டுறார்.”

எனக்கு அது போதும். அன்றிலிருந்து நானும் அந்தக் கையோடு மல்லுக்கு நின்றேன். அவனோ ஒருநாள் பழகிப் பார்க்கவென்று புது மண்குடம் ஒன்றோடு வந்து நின்றான். எனக்கு வந்ததே கோபம்!

“அப்பர் மூச்சோட இருக்கேக்க மண்குடத்தைத் தூக்கிக்கொண்டு வாறியே, உனக்கு அறிவிருக்கோ? வெளியில கொண்டு போ!”

பிறகு பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கொடுத்தேன். அதில் தண்ணீர் நிரப்பித் தோளில் வைத்து என் முருங்கையைச் சுற்றிச் சுற்றி நடந்தான். பக்கத்து வீட்டு சுலோஜனா வேலியால் எட்டிப் பார்த்து, “தம்பிக்கு என்ன நேர்த்தியோ?” என்றாள். “ஓம், நேர்த்திதான்,” என்றேன். வைகாசி பிறக்க முன்னர் கை காதோடு ஒட்டி நின்றது. தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அவன் தகப்பன் சிவகுரு ஒரு காலை நேரம் கண்ணை மூடினார். நான் போனபோது விதுசன் தலையும் தாடியும் வழித்து, வேட்டி கட்டி முற்றத்தில் நின்றான். அவன் முதுகு நிமிர்ந்திருந்ததை அன்றுதான் கண்டேன். கிரியை தொடங்கியது. ஐயர், “கொள்ளி வைக்கிறவர் வாங்கோ,” என்றார். விதுசன் ஓரடி வைத்தான். அவனுடைய பெரியப்பா சோமசேகரம் குறுக்கே கையை நீட்டினார்.

“நிருபன் வா,” என்று தன் மகனைக் கூப்பிட்டார். பிறகு விதுசனைப் பார்க்காமலே சொன்னார். “பொம்பிளையள் சுடலைக்கு வாறதில்லை.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் செத்தவீட்டில் வெளியாளுக்கு ஏது வாய்? வாய் இருந்தவள் தாய் பத்மாசனி. அவள் பெட்டியின் தலைமாட்டில் இருந்து நிலத்தையே பார்த்தாள். பறை முழங்கிப் பெட்டி போனபோது வாசற் படலைக்கு உள்ளே அழுத பெண்களுக்கு நடுவில் மழித்த தலையோடு அவன் நின்றான். தோள் பழையபடி முன்னுக்கு வளைந்துவிட்டது. மாதக்கணக்காக நான் நிமிர்த்தியதை அந்த மனிதர் ஒரு சொல்லில் மடக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. இனி எதற்கு வருவான் என்று நானும் வாளியை முருங்கையடியில் கவிழ்த்து வைத்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில நாளில் வாசலில் முச்சக்கரவண்டி நின்றது. பத்மாசனி இறங்கினாள், பின்னால் அவன். “படு,” என்று அவனுக்குச் சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். அவன் தயங்கித் தயங்கிச் சேர்ட்டைக் கழற்றினான். அந்தத் தழும்புகளை அவள் அன்றுதான் முதல்முறை பார்த்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. நான் தொடங்கினேன். அவள் கண்ணை எடுக்கவில்லை.

“நோகுதோ?”

“இல்லையம்மா.”

பிறகு என்னிடம் திரும்பினாள்.

“பிள்ளை, எனக்கும் சீனி வருத்தம், பிறசர் எல்லாம் இருக்கு. நான் சொந்தக்காரர் எல்லாருக்கும் இப்பவே சொல்லிப்போட்டன். எனக்குக் குடம் இவன்தான் தூக்கவேணும். நீங்கள் கையைச் சரியாக்கி விடுங்கோ.”

என் விரலுக்குக் கீழே அவனுடைய விலா குலுங்கத் தொடங்கியது.