தைலக் குப்பி ராணி

ஞாயிற்றுக்கிழமை என் கைப்பையில் ஜெபமாலை இருக்கிறதோ இல்லையோ, ஒரு காலித் தைலக் குப்பி கட்டாயம் இருக்கும். மலேசியாவில், சுங்கை ஆயர் தாவார் என்ற ஊரில், எங்கள் தேவாலய மண்டபத்துச் சதுரங்கப் பலகையில் பல வருடம் வெள்ளை ராணியாக நின்றது இதுதான். அசல் ராணி எப்போதோ தொலைந்துவிட்டது. குப்பியோ சட்டைக் கை பட்டாலே சாயும். பக்கத்துக் காய்களையும் சேர்த்துத் தள்ளும். அப்புறம் எது எங்கே இருந்தது என்று சண்டை. அதனால் பூசை முடிந்து ஆட உட்காரும் எங்களுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. முதல் வாய்ப்பிலேயே ராணிக்கு ராணி வெட்டி, இரண்டையும் வெளியே வைத்துவிடுவோம். "கழிச்சிருவோமா?" என்று எதிராளி கேட்டால் மறுப்பது மரியாதை இல்லை.

மண்டபத்தில் பெரிய ஆட்டக்காரர் என் சித்தப்பா. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அவரிடம் நான் தோற்பேன், மிஞ்சிப் போனால் டிரா. கோல சிலாங்கூரில் நடக்கும் போட்டிகளிலும் அதே கதைதான். ஜெயிக்க ஜெயிக்க முன் மேசைக்குப் போகலாம்; நான் வருடாவருடம் நடு மேசையைத் தாண்டியதில்லை. புத்தகம் வாங்கிப் படித்தேன், கைப்பேசியில் புதிர் போட்டேன். அசையவில்லை. "உனக்கு இவ்ளோதான் லா. டிரா எடுத்தமா, சாப்ட்டமா, வீட்டுக்குப் போனமான்னு இரு" என்றார் சித்தப்பா. அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிந்தது. என் அளவை எனக்கு வெட்டிக் கொடுக்க இவர் யார்?

ஒரு போட்டியில் டிரா ஆனதும் எதிரே இருந்த மலாய்க்கார ஆசிரியை கேட்டார்: "உங்க பக்கம் நல்லா இருந்துச்சே, ஏன் அவசரமா ராணிய மாத்தினீங்க?" குனிந்து பார்த்தேன். என் முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. அடி கனத்த, நல்ல காய்கள் இருந்த பலகையிலும் நான் குப்பி விழுந்துவிடும் என்று பயந்தே ஆடிக்கொண்டிருந்தேன்.

இனி நானாக ராணியைக் கழிப்பதில்லை என்று வீம்பு பிடித்தேன். உடனே மாதக்கணக்கில் தோல்வி. ராணியோடு ஆடத் தெரிந்தால்தானே! கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்று மண்டபமே சிரித்தது. சிரிக்கட்டும் என்று ஆடினேன்.

பிறகு ஒரு ஞாயிறு, சித்தப்பா வழக்கம்போலத் தன் ராணியை என் குப்பிக்கு நேரே கொண்டுவந்து வைத்தார். நான் குப்பியை இரு விரலால் தூக்கி ஓரத்துக்கு நகர்த்தினேன். அடுத்த காய் எடுக்கும்போது அவர் கை பட்டு அது விழுந்தது. இரண்டு சிப்பாய்களும் உருண்டன. "பாத்தியா, இதுக்குத்தான் சொன்னேன்" என்றார். எல்லாவற்றையும் அதனதன் கட்டத்தில் எடுத்து வைத்தேன். மறுபடி விழுந்தது, மறுபடி வைத்தேன். கடைசியில் அந்தக் குப்பிதான் அவருடைய ராஜாவின் பக்கத்தில் போய் நின்றது. ராஜாவுக்கு நகர இடமில்லை. சித்தப்பா எழுந்து டீ வாங்கப் போனார்.

கோல சிலாங்கூரில் இப்போது நான் முன்வரிசை மேசையில் உட்காருகிறேன். மண்டபத்துக்கும் புதுக் காய்கள் வந்துவிட்டன. ஆனாலும் சித்தப்பாவோடு உட்காரும்போது புது ராணியை எடுத்துவிட்டுக் குப்பியைத்தான் வைக்கிறேன். அவரும் விடுவதாக இல்லை.

"கழிச்சிருவோமா?"

"மாட்டேன் சித்தப்பா. விழுந்தா எடுத்து வச்சுக்கிறேன்."