கீது இல்ல நைனா, கீறான்

இந்த ஊரில் படம் முடிந்த பிறகும் யாரும் எழுந்திருப்பதில்லை. வில்லன் செத்தாகிவிட்டது, நாயகனும் நாயகியும் சேர்ந்தாகிவிட்டது, கருப்புத் திரையில் பெயர்கள் மட்டும் மேலேறிக்கொண்டிருக்கின்றன. ஒப்பனை செய்தவர், அவருக்குக் கார் ஓட்டியவர், படப்பிடிப்பில் நாய்க்கு பிஸ்கட் போட்டவர் வரை எல்லார் பெயரையும் சுவீடன்காரர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பிறகு விளக்கு எரிந்ததும் கனத்த கோட்டை மாட்டிக்கொண்டு, பாப்கார்ன் டப்பாவைத் தாங்களே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, கோயில் சன்னிதியிலிருந்து வருவதுபோல் அடிமேல் அடி வைத்து வெளியே போகிறார்கள். நான் வளர்ந்த எண்ணூர்ப் பக்கத்தில் படத்தின் கடைசியில் காட்டும் ‘வணக்கம்’ என்ற அட்டை எந்த நிறத்தில் வரும் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வில்லன் கீழே விழும்போதே பாதிக் கூட்டம் வாசலில் நிற்கும். அவன் எழுந்து இன்னொரு முறை கத்தியை எடுத்தால், வாசலில் நின்றபடியே பார்த்துக்கொள்ளும். பஸ் முக்கியம்.

கோதன்பர்க் நகருக்குக் கல்யாணமாகி வந்த புதிதில், பழக்கதோஷத்தில் நானும் அப்படித்தான் எழுந்தேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் மரியாதையாக எழுந்து நின்று வழிவிட்டார்கள். வாசல் அருகே போன பிறகுதான் படம் இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது, செத்தவன் வில்லனே இல்லை என்று தெரிந்தது. திரும்பி வந்தேன். அத்தனை பேரும் மறுபடி எழுந்து நின்றார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. என் கணவர் செந்தில் மட்டும் சீட்டில் இன்னும் கொஞ்சம் கீழே சரிந்து உட்கார்ந்துகொண்டார்.

இடைவேளையும் கிடையாது இங்கே. முழுப்படத்தையும் ஒரே மூச்சில் விழுங்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு நாயகி செய்தது சரியா தவறா என்று சண்டை போட நடுவில் ஒரு கால் மணி நேரம் வேண்டாமா? ஊரில் இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள், நடு வயதுப் பெண்ணொருத்தி தன்னந்தனியாக வந்து, ஒரு அழுகைப் படத்தைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் டிராம் ஏறிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அவளை நிறுத்தி “என்ன ஆச்சு, சொல்லு” என்று கேட்டுவிடலாமா என்று எனக்குக் கை பரபரத்தது.

எனக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது சரோஜா அத்தை. அப்பாவின் தங்கை. நெட்டுக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறாள். காலையில் மீன் விற்று முடித்து, தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, என்னைக் கையில் பிடித்தபடி திருவொற்றியூருக்குப் பஸ் ஏறுவாள். அந்தத் தியேட்டரில் பெண்களுக்குத் தனி வரிசை, சின்ன வரிசை. ஆண்கள் வரிசை தெருமுனை வரைக்கும் வளைந்து கிடக்கும். எனவே கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாலைந்து பேர், “அக்கா, ரெண்டு டிக்கெட் எடுத்துக் குடுக்கா” என்று கெஞ்சிக்கொண்டே இருப்பார்கள். அத்தை ஒவ்வொருவர் முகத்தையும் மீனைப் பார்ப்பதுபோல் திருப்பிப் பார்ப்பாள். “நீ குடிச்சுகினு வந்துகீற, உனக்கு இல்ல. பின்னால நிக்கிறானே, அவன் துட்டு குடுக்கட்டும்.” அன்று யார் படம் பார்ப்பது, யார் வீட்டுக்குப் போவது என்பதை முடிவு செய்தது தியேட்டர்காரர்கள் அல்ல.

உள்ளே போனால் அத்தை திரையோடு பேசுவாள். அவள் மட்டுமல்ல, பெண்கள் பக்கம் முழுக்கப் பேசும். நாயகன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போனால், “போடாத நைனா, அவன் டபாய்க்கிறான்” என்று எச்சரிப்பார்கள். அவன் கேட்க மாட்டான், போடுவான். “சொன்னா கேக்குறானா பாரு” என்று பக்கத்துச் சீட்டில் முறையிடுவார்கள். கடலிலிருந்து காலையில் திரும்பிய ஆண்கள் ஏசி காற்றுக்காகவே வந்து தூங்குவார்கள். சண்டைக் காட்சியில் விழித்துக்கொள்வார்கள். தாமதமாக வந்தவருக்கு முன்கதையைச் சொல்லப் பக்கத்தில் எப்போதும் ஒருவர் இருப்பார், கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

அந்த நாட்களில் எங்களுக்கு ஒரு தனிக் கொண்டாட்டம் உண்டு. படத்தில் ரவுடியோ, ரிக்‌ஷாக்காரரோ, மீன்காரம்மாவோ வந்தால் அவர்கள் எங்களைப்போல் பேசுவார்கள். சொந்தக்காரன் வந்துவிட்டான் என்று தியேட்டரே விசிலடிக்கும். பிறகு அமைதியாகி, உற்றுக் கேட்கும். பெரும்பாலும் அந்த நடிகர் தப்பாகத்தான் பேசுவார். மதராஸ் பாஷை என்றால் கண்ட இடத்தில் ‘கீது’ போட்டால் போதும் என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஒரு படத்தில் ரவுடி, “எங்கண்ணன் எங்க கீது?” என்று கேட்டான். அத்தை எழுந்து நின்றே சொன்னாள்: “கீது இல்ல நைனா, கீறான். அண்ணன் இன்னா அண்டாவா?” கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. பொருளுக்குக் கீது, ஆணுக்குக் கீறான், பெண்ணுக்குக் கீறா. திணையும் பாலும் எங்களுக்கும் உண்டு. பள்ளிக்கூடத்தில் பிறகு இலக்கணம் வந்தபோது எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

கல்லூரிக்குப் போனதும் என் வாயில் ‘இன்னா’ போய் ‘என்ன’ வந்தது. செந்தில் கும்பகோணத்துக்காரர். அவரிடம் பேசிப் பேசி மிச்சமும் போயிற்று. நான் சுவீடனுக்கு வந்தபோது கீது மட்டும் விசா கிடைக்காமல் எண்ணூரிலேயே தங்கிவிட்டது. வாரத்துக்கொரு முறை அத்தையிடம் தொலைபேசியில் பேசும்போது எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்வேன்.

கோதன்பர்க்கில் தமிழ்ச் சங்கம் ஒன்று உண்டு. புதுப்படம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தியேட்டர் அரங்கை வாடகைக்கு எடுப்பார்கள். முதல்முறை எடுத்தபோது திரையில் ‘இடைவேளை’ என்று வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து வெளியே போக, தியேட்டர் பெண்மணி பதறி ஓடிவந்து, படம் பிடிக்கவில்லையா, பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்று கேட்டாளாம். இப்போது அவளே கால் மணி நேரம் படத்தை நிறுத்திவிட்டு, எங்கள் வரிசையில் நின்று சங்கத்தார் விற்கும் முட்டை பப்ஸ் ஒன்று வாங்கிக்கொள்கிறாள்.

போன வருடம் அப்படியொரு படத்துக்கு, நான் வேலை செய்யும் பரிசோதனைக் கூடத்திலிருந்து இங்கர் என்ற சுவீடன்காரப் பெண்மணி வந்தாள். ஓய்வு பெறப்போகும் வயது, எதையும் சரியாகச் செய்ய வேண்டும் என்ற கவலை. “உங்கள் படத்தில் சத்தம் போடலாம் என்று படித்தேன். எப்போது போட வேண்டும் என்று நீ சொல்வாயா?” என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன். நாயகன் முகம் தெரிந்ததும் அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். இங்கர் மிகவும் அடக்கமாக, “ஹோ” என்றாள்.

படம் ஓடியது. கீழே ஆங்கிலத்தில் எழுத்துகள் வந்துகொண்டிருந்தன. அரைமணி நேரம் கழித்து வடசென்னை ரவுடி ஒருவன் வந்தான். பரட்டைத் தலை, லுங்கி, வாயில் குச்சி. எங்கள் பக்கத்தில் அப்படி ஒருவனை நான் பார்த்ததில்லை, ஆனால் சினிமாவில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவன் வாயைத் திறந்தான். “எந்தம்பி எங்க கீது? சோறு துன்ட்டுதா?” அரங்கமே வெடித்துச் சிரித்தது. செந்திலும் சிரித்தார். பின்வரிசைக் குழந்தைகள், சுவீடனிலேயே பிறந்தவர்கள், ‘கீது கீது’ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

இங்கர் சிரிக்கவில்லை. எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தவள் என் காதருகே குனிந்தாள். “நான் எதையாவது தவற விட்டேனா? தன் தம்பி எங்கே, அவன் சாப்பிட்டானா என்று இந்த மனிதர் கேட்கிறார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?”

“அவன் பேசும் விதம்” என்றேன்.

“எப்படிப் பேசுகிறார்?”

“என் அத்தை மாதிரி.”

“உன் அத்தை வேடிக்கையானவரா?”

“ரொம்ப. ஆனால் இதற்காக இல்லை” என்றேன். அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு, அந்த ரவுடியைக் கவலையோடு பார்க்கத் தொடங்கினாள். அந்த அரங்கில் அவன் தம்பி சாப்பிட்டானா என்று உண்மையாகவே கவலைப்பட்டவள் அவள் ஒருத்திதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமா என்றால் முழுக்கக் கோபமும் இல்லை. என் வீட்டுக்குள் யாரோ செருப்போடு நடக்கிறார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து நடந்துகொண்டிருக்கிறேன் என்பதுபோல்.

ரவுடி அடுத்த காட்சியிலும் அதையே கேட்டான். “எந்தம்பி எங்க கீது?”

“கீது இல்ல நைனா, கீறான்” என்று ஒரு குரல் கேட்டது. சத்தமான, மீன் விற்றுப் பழகிய குரல். அது என்னுடையது என்று தெரிய எனக்கே கொஞ்சம் நேரம் பிடித்தது. “தம்பி இன்னா தகர டப்பாவா?”

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நிறையத் தலைகள் திரும்பின. செந்தில், “புவனா, மெதுவா” என்றார். இங்கர் மட்டும், சத்தம் போடும் நேரம் வந்துவிட்டது என்று நினைத்து, முன்னைவிடக் கொஞ்சம் தைரியமாக “ஹோ” என்றாள். அப்போது பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் நிதானமாக வந்தது.

“கரீட்டு தங்கச்சி. நல்லா கேளு அவன.”

இடைவேளையில் அந்தக் குரலுக்குரியவர் என்னைத் தேடி வந்தார். ஐம்பது வயதிருக்கும், மோகன் என்று பெயர், துறைமுகம் அருகே ஒரு உணவகத்தில் சமையல் வேலை. பல வருடமாகச் சங்கத்தின் எல்லாப் படத்துக்கும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து போகிறவர். அவர் ஊமை என்றே சிலர் நினைத்திருந்தார்களாம்.

“எந்தப் பக்கம் நீ?” என்றார்.

“எண்ணூருண்ணா, நெட்டுக்குப்பம்.”

“நானு ராயபுரம். வாயத் தொறந்தா காமெடி பண்றன்னு நெனைப்பாங்கோ. வந்த புதுசுல எங்கம்மா செத்துட்டாங்கன்னு ஒருத்தர்கிட்ட சொன்னேன், அதுக்கே சிரிப்ப அடக்கிகினு நின்னாரு. அதான் கம்முனு வர்றது, கம்முனு போறது.” சொல்லிவிட்டு பப்ஸைக் கடித்தார். “ஆனா நீ கேட்ட பாரு, தகர டப்பான்னு. ஷோக்கா இருந்துச்சு.”

“நீங்க துன்னீங்களாண்ணா?” என்று மட்டும் கேட்டேன். கையில் பப்ஸை வைத்துக்கொண்டிருப்பவரிடம் கேட்கும் கேள்வி அல்ல. அவர் அதைக் கண்டுகொள்ளாமல், “துன்னுகினே கீறேன்” என்றார். இருவரும் பேச்சை விடாமல், என்ன பேசுகிறோம் என்பதைவிட எப்படிப் பேசுகிறோம் என்பதற்காகவே, மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம். செந்தில் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகும் டிராமில், “நீ என்கிட்ட ஏன் அப்படிப் பேசுறதே இல்ல?” என்றார். குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை, ஒரு பலகாரத்தைத் தனக்குக் கொடுக்கவில்லை என்கிற மாதிரி.

சங்கத்தின் செயலாளர் மறுவாரமே அழைத்தார். நல்ல மனிதர், மதுரைக்காரர். “பொங்கல் விழாவுல அந்த பாஷையில ஒரு காமெடி நாடகம் போடுங்களேன், கலக்கிடும்” என்றார்.

“அந்த பாஷையில பண்றேன், காமெடி இல்லாம” என்றேன். “அறிவிப்பெல்லாம் நானும் மோகன் அண்ணனும் சொல்றோம்.”

சரி என்றார். விழாவில் மோகன் அண்ணன் மைக்கைப் பிடித்து, “கொயந்தைங்கோல்லாம் முன்னால வந்து குந்துங்கோ, டான்சு ஆரம்பிக்கப் போவுது” என்றதும் அரங்கம் சிரித்தது. அடுத்த அறிவிப்புக்கும் சிரித்தது. மூன்றாவதாக நான், “சோறு ரெடியா கீது, வயசானவங்கோ மொதல்ல வாங்கோ” என்றேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. பசி. எல்லாரும் எழுந்து வரிசையில் போய் நின்றார்கள். வரிசையின் கடைசியில் நின்ற இங்கர், யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தி, “ஷோக்கா” என்றாள்.

இந்தக் கோடையில் ஊருக்குப் போனபோது அத்தையோடு படம் பார்க்கப் போனேன். பழைய தியேட்டரை இடித்துவிட்டு, சாய்ந்துகொள்ளும் சீட்டுகளோடு நாலு திரைகள் கட்டியிருக்கிறார்கள். டிக்கெட்டை நான் போனிலேயே எடுத்துவிட்டதில் அத்தைக்கு வருத்தம், யாரையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை. ஆனால் சீட்டில் உட்கார்ந்ததும் பழைய அத்தைதான். நாயகி கதவைத் திறக்கப் போனாள். “தொறக்காதம்மே, அவன் வெளில நிக்கிறான்” என்றாள் அத்தை. என் வாயிலிருந்து, நான் நினைப்பதற்குள், ‘ஷ்ஷ்’ என்று ஒரு சத்தம் வந்தது.

அத்தை மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். “இன்னாம்மே, எனக்கா சொன்ன?”

“இல்லத்தே, தும்மல்.”

“அந்தூரு தும்மலு இப்டிதான் வருமா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அதன்பின் இடைவேளை வரை அவள் பேசவில்லை. நாயகி கதவைத் திறந்தாள், அவனும் உள்ளே வந்தான். அத்தை எச்சரிக்காததால்தான் இப்படி ஆயிற்று என்றே எனக்குத் தோன்றிற்று.

இடைவேளையில் இருவரும் வெளியே வந்து வாசலில் நின்றோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்தை நோக்கி வரிசையாக நின்றிருந்தன. அத்தை கோபம் மறந்து, சமோசாவைப் பிய்த்துப் பெரிய பாதியை எனக்குக் கொடுத்தாள். ஒரு நீலநிற கன்டெய்னரைத் தாடையால் சுட்டிக்காட்டி, “இதெல்லாம் உன் ஊருக்கா போவுது?” என்றாள்.

எது என் ஊர் என்று நான் கேட்கவில்லை. “போனாலும் போகும் அத்தே” என்றேன். உள்ளே மணி அடித்தது. அத்தை என் கையை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டாள், அவளுக்குப் படம் விட்டுப்போகக் கூடாது. லாரி ஒன்று உறுமிக்கொண்டு இரண்டடி நகர்ந்து மறுபடி நின்றது. தோளால் தியேட்டர்க் கதவைத் தாங்கியபடி, பாதி வெளியிலும் பாதி ஏசி குளிரிலுமாக, சமோசா தீரும்வரை நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.