என் செய்தியும் தங்கையின் பற்களும்

நானும் தங்கையும் ஒரே வருடத்தில் கர்ப்பமானோம். எனக்கு ஐந்தாம் மாதம், அவளுக்கு நாலாம் மாதம். இருவரும் புத்தளம் பக்கத்துக் கரைத்தீவில் உம்மா வீட்டில் இருந்தோம். வாந்தி இருவருக்கும் இருந்தது. அவளுடைய பற்கள் மட்டும் எப்போதும்போல் வெள்ளையாக, இடைவெளியில்லாமல் இருந்தன. எனக்குக் கடைவாய்ப்பல் ஒன்றைச் சுற்றி ஈறு வீங்கியிருந்தது. பிரஷ் பட்டதும் இரத்தம் வந்தது. அந்தப் பக்கம் துலக்குவதை விட்டேன்.

"உப்புத் தண்ணியால கொப்புளி, சரியாகும்" என்றார் உம்மா. கொப்பளித்தேன். வீக்கம் அப்படியே இருந்தது.

இதில் எனக்கு அறியாமை என்று சொல்ல இடமில்லை. நான் ஒரு பத்திரிகைக்குப் புத்தளத்திலிருந்து செய்தி அனுப்புகிறவள். கர்ப்பிணிகள் பல்லைப் பார்த்துக்கொள்வது பற்றி, ஒரு பல் வைத்தியரைக் கேட்டு, சில வாரங்களுக்கு முன்புதான் எழுதியிருந்தேன். வாந்தி எடுத்தால் முதலில் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும். அரை மணி நேரம் போன பிறகே துலக்க வேண்டும். இரத்தம் வந்தாலும் மென்மையான பிரஷால் தொடர்ந்து துலக்க வேண்டும். ஒரு முறையாவது பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். நான் காட்டவில்லை. காட்டினால் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தேன். எனக்கு ஒரு பல் குறைந்து, அவளுக்கு வரிசை முழுதாக இருப்பதை நினைக்கவே முடியவில்லை.

அடுத்த கிளினிக் நாளில் மிட்வைஃப் எங்கள் இருவரின் கர்ப்பிணிக் கார்டையும் புரட்டினார்.

"தங்கச்சிட கார்டுல பல்லுப் பாத்ததுக்கு சைன் இருக்கு. ஒங்கடதுல காணல்லயே. பேப்பர்ல எழுதினதும் நீங்கதானே?"

"ராத்தா எழுதுவா மிஸ். செய்யிறதுக்கு நான் இருக்கேன்" என்றாள் தங்கை.

வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மேல்வரிசையில் எட்டுப் பற்கள் தெரிந்தன.

மறுநாள் பல் வைத்தியரிடம் போனேன். நான் கேட்காமலே தங்கை கூட வந்து வெளியில் இருந்தாள். பல்லைப் பிடுங்கத் தேவையில்லை, சுத்தம் செய்தால் போதும் என்றார் வைத்தியர். அந்தப் பக்கம் துலக்காமல் விட்டதால்தான் ஈறு இவ்வளவு மோசமானது என்றும் சொன்னார்.

வெளியே வந்து தங்கையிடம், "ஒனக்கென்ன, ஒண்ட பல்லு பொறந்ததுலருந்தே அப்படி" என்றேன்.

"எனக்கும் ரத்தம் வந்திச்சி ராத்தா. துப்பினா பேசின் முழுக்கச் சிவப்பு. பயத்துல அழுதும் இருக்கேன். நீங்க எழுதினதப் பாத்துத்தான் விடாம வெளக்கினேன். பொறகு நிண்டிச்சி."

அவளுடைய பல்லின் மேல் பொறாமைப்பட்ட வரையில், அது அவளுக்குப் பிறவியில் கிடைத்தது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள முடிந்தது. இனி அதற்கும் வழியில்லை.

"பல்லு தப்பிச்சா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன், வாயை அதிகம் திறக்காமல்.