புட்டுக்குழலில் வார்த்த மூன்று திரி

போன ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில், மோர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் புட்டுக்குழல் நின்றுகொண்டிருந்தது. அம்மா மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது.

"ஏட்டி, இது என்னவாக்கும்?"

"மெழுகுவர்த்திம்மா."

"தேங்கா போட்டியா?"

கோபம் வந்தால்தான் அம்மாவுக்கு ஜோக் வரும்.

மெழுகுவர்த்தி செய்து தரச் சொல்லிக் கேட்டவள் ஷைனி. ஆபீசில் எனக்குப் பக்கத்து சீட். வீடு இராஜாக்கமங்கலம் பக்கம், கடற்கரையில். அவள் அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அன்று சாயங்காலம் வீட்டில் ஜெபமாலை.

"பிள்ளைங்க நாங்க மூணு பேரும் மெழுவத்தி ஏத்தணும் மக்கா. தனித்தனியா வச்சா அண்ணன் ஒரு மூலையில நிப்பான், அக்கா ஒரு மூலையில நிப்பா. ஒரே மெழுவத்தியில மூணு திரி போட்டுத் தருவியா?"

அப்பாவை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்பதில் தொடங்கிய சண்டை. அவர் போன பிறகும் அது போகவில்லை. அண்ணனும் அக்காவும் பேசி ஒரு வருடம். அண்ணன் லீவு முடிந்து இந்த வாரம் துபாய்க்குத் திரும்புகிறார். அதற்குள் ஒரு வார்த்தையாவது...

கடையில் வாங்கலாமே என்கிறீர்களா? கோட்டாற்றுக் கடைத்தெருவில் தேடினேன். மூன்று திரி வைத்தது வெனிலா வாசனையோடு கண்ணாடி ஜாடியில்தான் கிடைத்தது. "மீன் பிடிச்ச மனுசன் போட்டோவுக்கு முன்னால வெனிலாவா? ஏட்டி, போ!" என்றாள் ஷைனி.

உங்களுக்குத்தான் தெரியுமே — பட்டியல் போடாமல் நான் எதையும் தொடங்கமாட்டேன். தேவை: நேரான குழல். அடியில் திரி கோக்கத் துளைகள். உறைந்ததை அடியிலிருந்து தள்ளி எடுக்கும் வசதி. இந்த மூன்றும் உள்ள பாத்திரம் எங்கள் ஊரில் எந்த வீட்டில் இல்லை?

சனிக்கிழமை ராத்திரி குழலின் உள்ளே தேங்காய் எண்ணெய் தடவினேன். அடியில் போடும் ஓட்டைத் தட்டில் — சில்லில் — முக்கோணமாக மூன்று துளைகளைத் தேர்ந்தெடுத்துத் திரி கோத்து, கீழே முடிச்சுப் போட்டு, மைதா மாவைப் பிசைந்து அடைத்தேன். திரிகளின் மேல்நுனிகளைக் குழலின் வாய்க்குக் குறுக்கே வைத்த ஈர்க்குச்சிகளில் கட்டினேன். கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்து உருக்கிய மெழுகை ஊற்றினேன். ஆற ஆற நடுவில் குழி விழும். அதற்கு இரண்டாம் முறை கொஞ்சம் ஊற்றி, குழலை ஃபிரிட்ஜில் வைத்தேன்.

ஒரே குறை. வாங்கிய திரி இரண்டுக்குத்தான் போதுமானதாக இருந்தது. மூன்றாவது, வீட்டில் கிடந்த மெலிந்த திரி. நோட்டில் 'குறைகள்' என்று தலைப்பிட்டு எழுதிவைத்தேன்.

காலையில் அம்மா புட்டு தள்ளும் கம்பாலேயே தள்ளினாள். வழுக்கிக்கொண்டு வந்தது. "புட்டு இவ்வளவு அழகா வராது," என்று ஒப்புக்கொண்டாள்.

சாயங்காலம் ஷைனி வீட்டில் மூன்று பேரும் ஏற்றினார்கள். தோளோடு தோள். ஆனால் அண்ணன் போட்டோவைப் பார்த்தார், அக்கா ஜன்னலைப் பார்த்தாள். பாதி ஜெபமாலையிலேயே மெலிந்த திரி மங்கத் தொடங்கியது. மற்ற இரண்டும் உருக்கிய மெழுகில் அது மூழ்கிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, அணையப் போவுது பாரு. ஸ்பூன் எடு!" — அண்ணன், அக்காவிடம்.

"ஸ்பூன் என்னத்துக்கு? சரிச்சு ஊத்துனா போதாதா?"

"சரிச்சா மத்ததும் அணைஞ்சிரும்."

"எப்பவும் ஒனக்குத்தான் எல்லாம் தெரியும்."

ஜெபம் நின்றுவிட்டது. ஷைனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அக்கா உள்ளே போனாள்... ஸ்பூனோடு வந்தாள். மெழுகுவர்த்தியை அவள் பிடித்துக்கொள்ள, அண்ணன் உருகிய மெழுகைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளினார். ஒரு சொட்டு அவள் விரலில் விழுந்தது.

"சுட்டிச்சா?"

"இல்ல."

மெலிந்த திரி நிமிர்ந்து எரிந்தது. ஜெபம் தொடர்ந்தது.

மறுநாள் ஆபீசில் ஷைனி சொன்னாள்: "காலையில இருந்து ரெண்டும் ஒரே சண்ட மக்கா. மிச்ச மெழுவத்தி யாருக்குன்னு."

சண்டை போட வேண்டுமென்றால் பேசித்தானே ஆக வேண்டும்?

நோட்டைத் திறந்தேன். 'மூன்றாவது திரி மெலிது' என்ற வரியைக் 'குறைகள்' பகுதியில் அடித்துவிட்டு, 'செய்முறை' பகுதியில் எழுதிக்கொண்டேன்.