ஒட்டுப்பட்டை வைத்த நைட்டி

ஊருக்கெல்லாம் "நாளைக்கு வாங்க" என்று சொல்லும் தையல்காரர், மனைவி ஒன்று கேட்டால் மட்டும் நேற்றே தைத்து வைத்திருப்பார். கடைசித் தம்பியிலிருந்து மூத்த அக்காவின் மருமகன் வரை இதைச் சொல்லிச் சிரிக்காத சொந்தம் இல்லை. அந்த அம்மாளும் லேசுப்பட்டவர் அல்ல. கணவர் வெட்டித் தைக்க, பட்டன் துளைக்கு நூல் சுற்றிக் காஜா எடுப்பது இவர் வேலை. சட்டை நைந்து கிழிந்தாலும் இவர் எடுத்த காஜா பிரியாது.

ஒருநாள் காலையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோதே ஊசி நழுவியது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். உயிர் தப்பியது, பேச்சு தெளிந்தது, நடையும் ஒருவாறு வந்தது. வலது கை மட்டும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண் தையல்காரரைத் தனியே அழைத்தாள்.

"கை திரும்பும் ஐயா, ஆனா சும்மா வராது. நைட்டி பட்டனை அவங்களே அந்தக் கையால போடணும். அழுதாலும் சரி, உங்களைத் திட்டினாலும் சரி, நீங்க கிட்டப் போகாதீங்க. இந்த ஆரம்ப மாசங்களை விட்டா அப்புறம் பிடிக்கிறது கஷ்டம்."

தலையாட்டிவிட்டு வந்தார். மறுநாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்த அம்மாள் முதல் பட்டனோடு மல்லுக்கட்டினார். நெற்றி வேர்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். பட்டன் துளைவரை வந்து வந்து நழுவியது.

"வரமாட்டேங்குதுங்க."

"விடும்மா. நான் எதுக்கு இருக்கேன்?"

அவரே போட்டுவிட்டார். அன்றே எல்லா நைட்டியிலும் பட்டனை அறுத்து, காஜாக்களைத் தைத்து மூடி, தொட்டால் ஒட்டி இழுத்தால் சர்ரென்று பிரியும் பட்டையை வைத்துத் தைத்தார். வெளியே தையல் தெரியாது. வாழ்நாளில் அவர் தைத்ததிலேயே அதுதான் நேர்த்தி. வந்த உறவுக்கெல்லாம் விரித்துக் காட்டினார்.

"அண்ணியை உள்ளங்கையில வச்சுல்ல தாங்குறாரு!" என்றான் தம்பி.

பிறகு சாப்பாடு ஊட்டினார், தலை வாரினார். கைக்குப் பயிற்சியாகப் பிசைய ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்து அலமாரி மேலே ஏறியது.

எதிர்க்கடைப் பூட்டு ரிப்பேர்காரருக்கும் அதே சமயத்தில்தான் அதே நோய் வந்தது. அவருக்குப் பெண்டாட்டி இல்லை, அக்காதான். சாவிக்கொத்தை அவிழ்த்துத் தரையில் கொட்டி, வராத கையாலேயே பொறுக்கச் சொல்வாள். அவர் போடும் கூச்சல் தெருவெங்கும் கேட்கும். "அக்காவா அது, ஜெயிலர்!" என்று தையல்காரரே முதலில் சொன்னார். பெயர் நிலைத்துவிட்டது.

அடுத்த ஆண்டு அந்த மனிதர் கால்சட்டையைக் குட்டையாக்க வந்தார். பேசிக்கொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல், வராமல் கிடந்த அந்த வலது கையால் இடது மணிக்கட்டுப் பட்டனைப் போட்டார்.

தையல்காரரின் கத்தரி பாதியில் நின்றது. "எப்படிய்யா?"

"எல்லாம் ஜெயிலர் புண்ணியம். அக்காவை வைய வைய எங்கிட்ட கெட்ட வார்த்தையே தீர்ந்துபோச்சு. அவ அசையலையே. உள்ள போய் அழுவாளாம், எனக்கு இப்பத்தான் தெரியும்."

வாங்கிய கால்சட்டையை அளக்காமல் வைத்துவிட்டுத் தையல்காரர் கடையை ஒட்டியிருந்த வீட்டுக்குள் போனார். மனைவியின் வலது கை, மடித்துவைத்த துணிபோல மடியில் கிடந்தது. விரல்கள் உள்பக்கம் சுருண்டு இறுகியிருந்தன.

"நீயாவது, 'சும்மா இருங்க, நானே பார்த்துக்கிறேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

ஏன் கேட்கிறார் என்று அந்த அம்மாளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரும் ஜன்னல் வழியே எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்தானே.

"சொல்லத்தான் நினைச்சேன். நீங்க பட்டையை விரிச்சுக் காட்டி 'எப்படி இருக்கு'ன்னு கேட்டீங்க. அவ்வளவு ஆசையாத் தச்சுக்கிட்டு வந்து நிக்கிற மனுஷன்கிட்ட என்னத்தைச் சொல்ல? எனக்கும் அந்த வேதனையிலேருந்து தப்பிச்சாப் போதும்னுதான் இருந்துச்சுங்க."

தையல்காரர் ஒரு பெரிய கோட்டுப் பட்டனைத் தேடி எடுத்துவந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்து நடுவில் வைத்தார். நிற்காமல் உருண்டு விழுந்தது. எடுத்து வைத்தார். மறுபடி விழுந்தது. இந்த முறை அழுதது தையல்காரர்தான். அந்த அம்மாள் விழுந்த பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார்.