சிவப்புக் கட்சி சவரி அண்ணன்

சவரி அண்ணன் போய்விட்டார். நேற்று மதியம், நெஞ்சுவலி... எனக்கு இன்று காலையில்தான் தெரிந்தது.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் கடை வைத்திருந்தவர். 2000-களில் நம்ம ஊரில் கேம் ஆடிய எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

கேம் ஓடக் கம்ப்யூட்டருக்குள் சொருகும் கிராபிக்ஸ் கார்டில் அப்போது இரண்டே கட்சி. சிவப்புப் பெட்டி கம்பெனி, பச்சைப் பெட்டி கம்பெனி.

அண்ணன் சிவப்பு. பச்சை கேட்டு வருபவரிடம், "அது கார்டு இல்லிங்க, ஹீட்டரு. டீ வேணா போட்டுக்கலாம்" என்பார். விற்கவே மாட்டார்.

நான் பச்சை. ஆனாலும் பீங்கான் கம்பெனியில் ஷிப்ட் முடிந்ததும் நேராக அவர் கடைக்குத்தான் போவேன். சண்டை போட அவரை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

ஒரு வருஷம், சிவப்பில் புதுக் கார்டு வரப்போகிறது என்று ஒரே வதந்தி. ஏதோ ஒரு வெப்சைட்டில் கசிந்த அளவை அண்ணன் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினார். முப்பது சென்டிமீட்டர் நீளமாம்.

"அவ்ளோ நீளம் எந்த கம்ப்யூட்டர் கேபினெட்டுல நொழையும்?" என்று பசங்க கலாய்த்தார்கள். நானும்தான்.

ஸ்கேல் வைத்து அளந்தால் முடிந்தது. ஆனால் அண்ணனுக்கு எதையும் சொருகிப் பார்த்தால்தான் நம்பிக்கை.

"தம்பி, உங்க கம்பெனில இதே அளவுக்கு களிமண்ணுல ஒண்ணு செஞ்சி, சுட்டு எடுத்தாந்து குடு. உள்ள வச்சிப் பாத்துடுவோம்."

செய்து கொடுத்தேன். ஃபேனுக்கு ஒரு மேடுகூட வைத்திருந்தேன். கேபினெட்டுக்குள் சிக்கென்று உட்கார்ந்தது. அண்ணன் போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அன்றைக்கே வாசலில் போர்டு எழுதி வைத்தார். 'புதுக் கார்டு நம்ம கேபினெட்டில் நுழையும். வந்து பாருங்கள்.'

கார்டு வந்த அன்று கடை நிறைய பசங்க. எல்லோர் முன்னாலும் பெட்டியைப் பிரித்துச் சொருகினார்... நுழையவில்லை. ஹார்ட் டிஸ்க் கூண்டில் போய் இடித்தது.

கடையே சிரித்தது. அதிகம் சிரித்தது நான்தான்.

"அந்த வெப்சைட்டுக்காரன் அளவத் தப்பாப் போட்டுட்டான் போலருக்குது" என்று சொல்லிக்கொண்டே, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல், ஆக்ஸா பிளேடால் கூண்டை அறுத்தார்.

அதற்கப்புறம் வரப்போகும் எந்தக் கார்டைப் பற்றியும் அண்ணன் வாயே திறக்கவில்லை. சீண்டினால், "வந்தா பாத்துக்கலாம், தம்பி" என்பார், அவ்வளவுதான். நான் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். கஷ்டமாக இருக்கும்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. களிமண் சுட்டால் சுருங்கும். அதனால் அச்சை எப்போதும் கொஞ்சம் பெரிதாகத்தான் போடுவோம். அன்றைக்கு நான் அப்படிப் போடவில்லை. வேண்டுமென்றேதான்.

இன்று சாயங்காலம் நாலு மணிக்கு மாதா கோவிலில் பூசை, பிறகு அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

அந்த வெப்சைட்டுக்காரன் சரியாத்தான் போட்டிருந்தான், அண்ணே.

போயிட்டு வாங்க.