ஏழு மாடும் விலைபோகாத ஸ்லாஷரும்

டிராக்டர் விற்பது பெரிய காரியமே இல்லை. அதன் வாலில் மாட்டுகிற சாமானை விற்பதில்தான் எங்கள் ஆயுள் கரைகிறது. டிராக்டர் வாங்குகிறவர் வீட்டில் பத்து நாள் பேசி முடிவு பண்ணிவிட்டு, கையில் மாலையோடு வருவார். புல் வெட்டுகிற மிஷின் வாங்க வருகிறவரோ, தன் வயலில் நிற்பது புல்லா புதரா என்றே யோசிக்காமல் வருவார். போடியில் விவசாயக் கருவி விற்கிற கடையில் பதினோரு வருஷமாக நின்றபடி பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் ஏதாவது ஒரு கடையில் நாள் முழுக்கச் சிரித்த முகமாக நின்று கால் வீங்கிய ஆளென்றால், நான் சொல்வது உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் சும்மா படித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் முதலாளி அண்ணாச்சி கோயம்புத்தூர்க் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தபோது ஒரு ஸ்லாஷரைக் கொண்டுவந்து கடை வாசலில் இறக்கினார். கவிழ்த்துப் போட்ட பெரிய இரும்புத் தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் ரெண்டு பட்டை பிளேடு ஃபேன் மாதிரி சுற்றும். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி ஓட்டினால் புல், செடி, முள் எல்லாம் தூள். தோப்பைச் சுத்தம் பண்ணுவதற்கு அருமையான சாமான். ஆனால் ரெண்டு வருஷமாக வாங்க ஆளில்லை. அதன்மேல் ஒரு பூனை இரண்டு தடவை குட்டி போட்டுவிட்டது.

நிறம் பார்த்தவர்

முதலில் அதைக் கேட்டு வந்தவர் ஒரு ஏலக்காய் வியாபாரி. ஊருக்கு வெளியே புதுசாக வீடு கட்டியிருந்தார். வீட்டைச் சுற்றி முப்பது சென்ட்டுக்குப் புல். மச்சான் வீட்டில் டிராக்டர் இருக்கிறதாம். பிளேடு கனம், வெட்டுகிற அகலம், டிராக்டரின் இழுவை என்று நான் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். மனிதர் எதையும் காதில் வாங்கவில்லை. தட்டின்மேல் அடித்திருந்த பச்சைப் பெயிண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து தடவினார். வெயில் பட்ட பக்கம் ஒரு தடவை, நிழல் பக்கம் ஒரு தடவை என்று சுற்றி வந்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு ஏலக்காயை எடுத்துப் பெயிண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் பாருங்கள், எனக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது.

காலமெல்லாம் நிறத்தைப் பார்த்தே விலை சொன்ன கண். அதைக் குறை சொல்லி என்ன பண்ண? "ஒரு தடவை ஓட்டிப் பாருங்க சார், எப்படி வெட்டுதுன்னு தெரியும்" என்றேன். அவர் ஏலக்காயை வாயில் போட்டு மென்றுகொண்டே சொன்னார்: "மிஷினு நல்லாத்தாம்மா இருக்கும். பச்சைதான் வெளுத்துப்போச்சு. இது ரெண்டாந்தரம்."

டிராக்டர் இல்லாதவர்

அடுத்து வந்தது குரங்கணிப் பக்கம் ஜீப் ஓட்டுகிற ஒரு டிரைவர். மலை ஏற வருகிறவர்கள் கூடாரம் போடுவதற்கென்று அடிவாரத்தில் ஒரு புல்தரையைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். மிஷின் பிடித்துப்போயிற்று. "என்ன டிராக்டர் வச்சிருக்கீங்க?" என்றேன். "டிராக்டரு எதுக்குக்கா? ஜீப்பு இருக்குல்ல" என்றார்.

டிராக்டருக்குப் பின்னால் ஒரு தண்டு சுற்றும், அது சுற்றினால்தான் பிளேடு சுற்றும், ஜீப்பில் அப்படி ஒரு தண்டு வெளியே வராது என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. நடுரோட்டில் ஜீப்புக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, "இந்தா சுத்துதுல்ல, இதுல மாட்டுங்க" என்று சக்கரத்துக்குப் போகிற தண்டைக் காட்டினார். பின்னால் நின்ற பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்து தூசியைத் தட்டியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பத்துப் பேரு ஏறுற வண்டியில பதினெட்டுப் பேரை மலைக்கு ஏத்துறோம். இந்த ஒத்தத் தட்டை இழுக்காதாக்கா?"

ராசிங்காபுரத்திலிருந்து வந்த பாண்டியம்மாள்

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, ராசிங்காபுரத்திலிருந்து பாண்டியம்மாள் என்று ஒரு அம்மா புருஷனோடு வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயசு. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏழு மாடு, அதுகளின் தீவனத்துக்கு ஒரு ஏக்கர் கொழுக்கட்டைப் புல், ஒரு மினி டிராக்டர். டிராக்டரைப் புருஷன் சின்னச்சாமி வாடகை உழவுக்கு ஓட்டுகிறார். இத்தனை வருஷமும் புல்லை அறுத்தது பாண்டியம்மாளின் அரிவாள். இப்போது தோள்பட்டை மூட்டு தேய்ந்துபோய், கையைத் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றால், விடிந்ததும் ஆளெல்லாம் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஏறிவிடுகிறார்கள்.

சின்னச்சாமி முடிவே பண்ணிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கம்பம்மெட்டுப் பக்கமிருந்து மலையாளத்து மாட்டு வியாபாரி லாரியோடு வருகிறார். ஏழு மாடும் போகிறது. "அதுக்குள்ள இவ புல்லு வெட்ட ஒரு மிஷினு காட்டிட்டான்னா மாடு இருக்கட்டும், இல்லன்னா ஏத்திர வேண்டியதுதான்" என்று என்னிடமே சொன்னார். பாண்டியம்மாளுக்குக் கண் நிறைந்து நின்றது.

உள்ளேயிருந்து அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு ஸ்லாஷரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் எடுத்துவிட்டேன் என் பேச்சை. பாண்டியம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வெட்டுன புல்லை மாடு திங்குமா ஆத்தா?" ஸ்லாஷர் புல்லைத் தூளாக்கி மண்ணோடு விசிறி அடிக்கும், அது தீவனத்துக்கு ஆகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், "நறுக்கியே குடுத்துரும்க்கா, தீவனம் நறுக்குற சோலியும் மிச்சம்" என்றேன். அந்த அம்மா முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. "அப்படிச் சொல்லு தாயி! ஒரே ஓட்டத்துல ரெண்டு சோலியும் முடிஞ்சுரும்."

கருத்த மாடு

புதன்கிழமை டெமோ. எங்கள் மெக்கானிக் மொக்கராசு சின்னச்சாமியின் டிராக்டரில் ஸ்லாஷரை மாட்டினார். பகல் முழுக்க ஒரு சொல், அந்திக்கு ஒரு சொல் என்று பேசுகிற ஆள். வயலில் இறங்கியதும் தட்டுக்கு அடியில் டங் டங்கென்று சத்தம். முன்னே எப்போதோ வயலை மேடாக்க ஓடை மண் அடித்திருக்கிறார்கள். மண்ணோடு கல்லும் வந்திருக்கிறது. கல் தெறிக்கிறது என்று எல்லோரையும் வரப்புக்கு அந்தப் பக்கம் ஓட்டிவிட்டோம். அரை ஏக்கர் அரை மணி நேரத்தில் மொட்டை. பார்க்க ஜோராகத்தான் இருந்தது. சின்னச்சாமியே வாயைப் பிளந்து நின்றார்.

கீழே கிடந்ததை வாரினால் கையில் புல் வரவில்லை. பச்சைக் கூழும் மண்ணும் பழைய சாணியும் சேர்ந்து வந்தது. பாண்டியம்மாள் ஒரு கூடையில் அள்ளி முதலில் கருத்த மாட்டுக்குப் போட்டார். மாடு குனிந்து முகர்ந்தது. ஒரு தும்மல். தலையைத் திருப்பிக்கொண்டது. அடுத்த மாடும் அப்படியே. ஏழாவது மாடு முகரக்கூட இல்லை. என் பேச்சு அத்தனையும் அந்தக் கூடையில் கிடந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது எனக்கு. பாண்டியம்மாள் கூடையைக் கவிழ்த்துவிட்டு மாட்டின் கழுத்தைத் தடவினார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மாட்டிடம்தான் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வரைக்கும் வைக்கோலத் தின்னுக்க அப்பு, பெறகு எங்கயோ யார் கையிலயோ."

மொக்கராசு பேசியது

அன்றைக்குக் கடைக்கு வந்ததும் மொக்கராசு ஸ்லாஷரை இறக்கிவிட்டு, அண்ணாச்சிக்கு எதிரில் போய் நின்றார். தீவனப் புல்லுக்கு வேண்டியது கட்டர் பார். அது தேனியில் ஒரு கடையில் ஒன்று இருக்கிறது என்றார். கட்டர் பார் என்பது டிராக்டருக்குப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நீளப் பட்டை. சலூன் கடையில் முடி வெட்டுகிற மிஷினில் பல்லு இங்குமங்கும் ஓடுமே, அதே வேலைதான். புல்லை அடியோடு வெட்டி, முழுசாகப் படுக்கப் போடும். கூழாக்காது. ஆனால் கல்லில் பட்டால் பல்லு போச்சு.

அண்ணாச்சி முணுமுணுத்தார். அடுத்த கடையில் வாங்கி விற்றால் நமக்கு என்ன மிஞ்சும், வாசலில் நிற்கிற சாமானை எவன் வாங்குவான் என்றெல்லாம் சொன்னார். மொக்கராசு ஸ்பானரைத் துடைத்து மேஜைமேல் வைத்தார். "பொழுது விடிஞ்சா நானும் ராசிங்காபுரம் வழியாத்தான் வேலைக்கு வர்றேன். அந்தம்மா மொகத்துல நான் முழிக்கணும்ணே."

மூன்று குவியல்

அண்ணாச்சி ஒருவழியாகச் சம்மதித்து, தேனியிலிருந்து கட்டர் பார் வந்து சேர சனிக்கிழமை ஆகிவிட்டது. மீதி அரை ஏக்கரில் புல் இடுப்புயரம் நிற்கிறது, அடியில் கல். கல்லை எடுக்காமல் ஓட்ட மாட்டேன் என்று மொக்கராசு சொல்லிவிட்டார். ஞாயிறு பதினோரு மணிக்கு லாரி. நான் கையைப் பிசைந்தேன். பாண்டியம்மாள்தான் யோசித்தார். அந்தத் தெருப் பெண்கள் நிறையப் பேர் போடியில் ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டை மூட்டையாகக் காயைத் தரம் பார்த்துப் பொறுக்குகிறவர்கள். ஞாயிறு அவர்களுக்கு லீவு. விடிந்ததும் விடியாததுமாகப் பன்னிரண்டு பேர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினார்கள். அடேயப்பா, என்ன கை! புல்தூரை விலக்கி விலக்கி, வரிசை பிடித்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே போனார்கள். நானும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினேன்.

ஒன்பதரைக்கு வரப்புக்குப் போய்ப் பார்த்தவள் திகைத்து நின்றேன். பொறுக்கிய கல்லையெல்லாம் நாலு பேர் உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்! பெரிசு ஒரு குவியல், நடுத்தரம் ஒரு குவியல், பொடி ஒரு குவியல். நடுத்தரத்தில் ஒரு பொடி விழுந்துவிட்டது என்று ஒரு பெண் அதைத் தேடி எடுத்து மாற்றினாள். யாரும் சொல்லவில்லை, கை பழக்கம். அங்கே வயலில் இன்னும் நாலு வரிசை பாக்கி கிடக்கிறது. "ஏம்மா, கல்லுக்கு எதுக்கும்மா தரம்? வெரசா வாங்க, லாரி வரப்போகுது!" என்று கத்தினேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் எழுந்திருக்க மனசில்லாமல் சொன்னாள்: "கலந்து கெடந்தா கண்ணு உறுத்துதுக்கா."

லாரிப் பலகை

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே லாரி வந்துவிட்டது. வியாபாரி இறங்கி, "எந்தா சேச்சி, மாடெல்லாம் ரெடியல்லே?" என்று கேட்டுக்கொண்டே, மாடு ஏற்றுகிற பலகையைச் சாய்த்துப் போட்டார். கடைசி வரிசையில் பெண்கள் இன்னும் குனிந்திருந்தார்கள். மொக்கராசு பட்டையை இறக்கினார். சின்னச்சாமி டிராக்டரைக் கிளப்பினார். கரகரவென்று பல்லு ஓட, புல் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டே வந்தது. வேர் மண்கூட ஒட்டவில்லை. பாதி வயலில் டக்கென்று ஒரு சத்தம். எனக்கு உயிரே போய்விட்டது. மொக்கராசு குனிந்து பார்த்து, காய்ந்த தென்னம்மட்டை ஒன்றை உருவி எறிந்தார். டிராக்டர் மறுபடி நகர்ந்தது.

ஒரு கட்டு அள்ளிக்கொண்டு ஓடினேன். கருத்த மாடு முகர்ந்தது. நாக்கை நீட்டி ஒரு சுருட்டுச் சுருட்டி இழுத்தது. அப்புறம் தலையைத் தூக்கவே இல்லை. சின்னச்சாமி என்ஜினை அணைத்துவிட்டு வெகுநேரம் அந்த மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வியாபாரியிடம் போய், "சும்மா வரவச்சுட்டோம், கோவிச்சுக்காதீங்க. பலகைய ஏத்திக்கங்க" என்றார். காய் பொறுக்குகிற பெண்களில் யாரோ குலவை போட்டார்கள்.

பாண்டியம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றார். "அந்தத் தட்டு மிஷினு தீவனத்துக்கு ஆகாதுன்னு அன்னைக்கே உனக்குத் தெரியும்ல ஆத்தா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கடையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற சொல்தான். "தெரியும்க்கா" என்றேன். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் இடது கையால் என் தோளைத் தட்டினார். "ஒன் வாயி ஒரு வார்த்தை சொல்லிருச்சு, எம் மாடு நாலு நாளு வைக்கோலு தின்னுச்சு. சரி போ, அழுவாத. அந்தக் கட்டையும் கொண்டா, கன்னுக்குட்டிக்கு இன்னும் போடல."

பதினோரு வருஷத்தில் என் பேச்சுச் சாமர்த்தியத்தை ஒரே மூச்சில் முகர்ந்து பார்த்து ஒதுக்கிய வாடிக்கையாளர், இதுவரை அந்தக் கருத்த மாடு ஒன்றுதான்.